மணி பார்ப்பது வேறு, நேரம் அளப்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிரல் எழுதக் கற்பவர்களுக்காக உங்கள் நாளிதழ் ஒதுக்கும் பக்கத்தில், ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று சொல்லப்பட்டிருந்தது. தொடங்கும்போது மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும், முடிந்ததும் இன்னொரு முறை குறித்துக்கொள்ள வேண்டும், பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்க வேண்டும். பைத்தானில் டைம்.டைம்(), ஜாவாவில் கரண்ட்டைம்மில்லிஸ்(), ஜாவாஸ்கிரிப்டில் டேட்.நவ்(). இதை ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தாலும் விடை சரியாகவே வரும். என்றோ ஒரு நாள் ‘கழித்தல் 3599 விநாடி’ என்று வரும். அன்றைக்கு நிரலில் எந்த வரியைப் பார்த்தாலும் பிழை தெரியாது. தவறு கழித்தலில் இல்லை. எந்தக் கடிகாரத்தைப் பார்த்தோம் என்பதில் இருக்கிறது.

‘மணி என்ன?’ என்று கேட்பதும், ‘எவ்வளவு நேரம் ஆச்சு?’ என்று கேட்பதும் வெவ்வேறு கேள்விகள். பேச்சில் நாம் இரண்டையும் குழப்பிக்கொள்வதே இல்லை. கணினியிலும் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் இருக்கின்றன. நிரலில் மட்டும் ஏனோ முதல் கடிகாரத்தை வைத்தே இரண்டாவது கேள்விக்கும் பதில் தேடுகிறோம்.

மணி சொல்லும் கடிகாரம் 1970 ஜனவரி 1, உலகப் பொதுநேரம் 0 மணியிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்ற கணக்கை வைத்திருக்கிறது. உலகத்தோடு ஒத்துப்போவதுதான் அதன் வேலை. ஒத்துப்போக வேண்டுமானால் அவ்வப்போது திருத்தப்பட்டாக வேண்டும். கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 விநாடி முன்னே பின்னே போகும். என்டிபி என்ற நெறிமுறை வலையிலிருந்து சரியான நேரத்தைக் கேட்டு இதைச் சரிசெய்கிறது. வித்தியாசம் சிறிதாக இருந்தால் கடிகாரத்தைச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டு மெல்ல மெல்ல ஒட்டவைக்கும். வழக்கமான என்டிபி நிரலில் 128 மில்லிவிநாடிக்கு மேல் வித்தியாசம் நீடித்தால் ஒரே தாவல்தான். அந்தத் தாவல் உங்கள் இரண்டு குறிப்புகளுக்கு நடுவில் விழுந்தால், கழித்து வரும் விடையில் அதுவும் சேர்ந்துவிடும்.

தாவலுக்கு வேறு காரணங்களும் உண்டு. பயனர் தேதியைக் கையால் மாற்றலாம். நிறுத்திவைத்த மெய்நிகர் கணினியை மறுபடி எழுப்பலாம். மின்கலத்தோடு கூடிய கடிகாரம் இல்லாத சிறு கணினிப் பலகைகளின் கதை இன்னும் வேடிக்கை: மின்சாரம் வந்ததும் கடைசியாக நினைவிலிருந்த ஏதோ ஒரு பழைய தேதியிலிருந்து ஓடத் தொடங்கும், வலை இணைப்பு கிடைத்ததும் இன்றைய தேதிக்கு ஒரே பாய்ச்சலில் வந்து நிற்கும். அதற்கு முன்பே தொடங்கிவிட்ட நிரல், பத்து விநாடி வேலைக்கு நான்கு மாதம் ஆனதாகக் கணக்கு எழுதும். பொதுநேரத்தை விட்டு உள்ளூர் நேரத்தைக் கழிப்பவர்களுக்கு, கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் கூடவோ குறையவோ செய்யும். டாட்நெட்டில் டேட்டைம்.நவ் என்பதைக் கழிப்பவர்கள் செய்வது இதைத்தான்.

இது ஏட்டளவில் இருக்கும் அச்சம் அல்ல. 2016 டிசம்பர் 31 முடிவில் உலகப் பொதுநேரத்தோடு பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக அவ்வப்போது கூட்டப்படும் ‘லீப் விநாடி’ ஒன்று சேர்க்கப்பட்டது. 2017 ஜனவரி 1 பிறந்த அந்தக் கணத்தில் கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின், தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையில் ஒரு பகுதி தடுமாறியது. காரணத்தை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். மற்ற சர்வர்கள் பதில் தர எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்பதை மணிக் கடிகாரத்தைக் கழித்துத்தான் அவர்களுடைய நிரல் அளந்தது. லீப் விநாடியில் கடிகாரம் பின்னே போக, விடை பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. அந்த எண்ணை வாங்கிய தற்போக்கு எண் (ரேண்டம்) சார்பு குறை எண்ணை ஏற்காது; நிரல் விழுந்துவிட்டது. அந்த நிரல் எழுதப்பட்ட கோ மொழியில் அப்போது சாதாரண நிரலாளருக்கு மணிக் கடிகாரத்தைத் தவிர வேறு வழி கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 1.9 பதிப்பில், டைம்.நவ்() தரும் மதிப்புக்குள்ளேயே இரண்டாவது கடிகாரத்தின் எண்ணையும் சேர்த்துவைத்து, கழிக்கும்போது அதையே எடுத்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டார்கள். நிரலாளர்களைத் திருத்துவதைவிட மொழியைத் திருத்துவது எளிது என்று முடிவு செய்தார்கள் போலும்.

அந்த இரண்டாவது கடிகாரத்துக்கு மோனோடானிக் கடிகாரம் என்று பெயர். பழைய நாழிகை வட்டிலைப் போன்றது அது. இப்போது காலையா மாலையா என்று வட்டிலுக்குத் தெரியாது. எவ்வளவு நீர் இறங்கியது என்பது மட்டும்தான் தெரியும். மோனோடானிக் கடிகாரமும் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து, பெரும்பாலும் கணினி தொடங்கியதிலிருந்து, எண்ணிக்கொண்டே போகும். யார் தேதியை மாற்றினாலும் பின்னே போகாது. அது தரும் எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஒரு பொருளும் இல்லை. இரண்டு எண்களின் வித்தியாசத்துக்குத்தான் பொருள் உண்டு.

பைத்தானில் டைம்.டைம்() என்று எழுதிய இரண்டு இடத்திலும் டைம்.பெர்ஃப்_கவுண்டர்() என்று மாற்றினால் போதும். 3.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஜாவாவில் நானோடைம்(), உலாவியில் பெர்ஃபார்மன்ஸ்.நவ்(), டாட்நெட்டில் ஸ்டாப்வாட்ச், ரஸ்டில் இன்ஸ்டன்ட், சி மொழியில் க்ளாக்_கெட்டைம்() சார்புக்கு க்ளாக்_மோனோடானிக் என்ற தேர்வு. சி++ மொழியில் ஸ்டெடி_க்ளாக். அங்கே ஹை_ரெசல்யூஷன்_க்ளாக் என்றும் ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். சில நூலகங்களில் அது ஸ்டெடி கடிகாரத்தின் மறுபெயர், ஜிசிசி கம்பைலரோடு வரும் நூலகத்தில் மணிக் கடிகாரத்தின் மறுபெயர். நேரம் அளக்க அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இந்தக் கடிகாரத்துக்கும் சில எல்லைகள் உண்டு. அது தந்த எண்ணைக் கோப்பில் எழுதிவைத்து, கணினியை அணைத்துப் போட்ட பிறகு கழிக்கக்கூடாது, புள்ளி மாறியிருக்கும். ஒரு கணினியின் எண்ணை இன்னொரு கணினியின் எண்ணோடு கழிக்கவும் கூடாது. செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிய வேண்டுமானால், அனுப்பிய கணினியிலேயே போய்வந்த நேரத்தை அளப்பதுதான் நம்பகமான வழி. லினக்ஸில் க்ளாக்_மோனோடானிக், கணினி உறங்கும்போது தானும் நின்றுவிடும். மடிக்கணினியை மூடிவைத்த நேரமும் சேர வேண்டுமென்றால் க்ளாக்_பூட்டைம் வேண்டும். ஆண்ட்ராய்டிலும் இதே பிரிவு: அப்டைம்மில்லிஸ்() ஆழ்ந்த உறக்கத்தில் நிற்கும், எலாப்ஸ்ட்ரியல்டைம்() ஓடும். நிரல் உழைத்த நேரம் வேண்டுமா, உலகத்தில் கழிந்த நேரம் வேண்டுமா என்று முதலில் தீர்மானித்துக்கொண்டால் எதை எடுப்பது என்று தானே தெரிந்துவிடும்.

என்டிபியின் மெல்லிய திருத்தம் மோனோடானிக் கடிகாரத்தின் வேகத்தையும் தொடுகிறது என்று கேள்விப்பட்டுப் பலர் கவலைப்படுகிறார்கள். அந்தத் திருத்தத்தின் உச்சவரம்பு வழக்கமாகப் பத்து லட்சத்துக்கு 500 பங்கு, அதாவது ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 1.8 விநாடி. திருத்தம் தொடாத க்ளாக்_மோனோடானிக்_ரா என்ற ஒன்றும் லினக்ஸில் உண்டு. ஆனால் ‘ரா’ என்பதற்குத் துல்லியம் என்று பொருளில்லை. படிகத்தின் சொந்தப் பிசகு அதில் அப்படியே இருக்கும். நீண்ட நேரத்தை அளக்கும்போது திருத்தப்பட்ட கடிகாரமே பெரும்பாலும் உண்மைக்கு அருகில் நிற்கும்.

அளப்பதைவிடக் காத்திருப்பில்தான் மணிக் கடிகாரம் அதிகக் கெடுதல் செய்கிறது. ‘30 விநாடிக்குள் பதில் வராவிட்டால் விட்டுவிடு’ என்பதை, இப்போதைய மணியோடு 30 கூட்டி, அந்த மணி ஆகும்வரை சுற்றிக்கொண்டிரு என்று எழுதுகிறார்கள். கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போனால் 30 விநாடிக் காத்திருப்பு ஒரு மணி நேரம் நீளும். முன்னே போனால் பதில் வரும் முன்பே கைவிட்டுவிடும். ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் த்ரெட்களுக்கான பி-த்ரெட் நூலகத்தில், ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்க உதவும் கண்டிஷன் மாறிக்கான கால வரம்பு இயல்பாகவே மணிக் கடிகாரத்தைப் பார்க்கிறது. மாறியை உருவாக்கும்போதே பி-த்ரெட்_காண்ட்ஆட்டர்_செட்க்ளாக்() மூலம் மோனோடானிக் என்று சொல்லிவிட வேண்டும். இதைச் செய்யாத நிரல்கள் ஏராளம்.

சி மொழிப் பாடங்களில் இன்னொரு பழைய பிழை வாழையடி வாழையாக வருகிறது. க்ளாக்() என்ற சார்பை இரண்டு முறை அழைத்து, கழித்து, க்ளாக்ஸ்_பெர்_செக் என்பதால் வகுப்பது. அது அளப்பது கழிந்த நேரத்தை அல்ல, செயலி இந்த நிரலுக்காக உழைத்த நேரத்தை. நடுவில் 2 விநாடி உறங்கச் சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட 0 என்று வரும். வன்வட்டிலிருந்தோ வலையிலிருந்தோ தரவு வரக் காத்திருந்த நேரமும் அதில் வராது. நான்கு த்ரெட்கள் ஒரு விநாடி முழுவேகத்தில் ஓடினால் 4 விநாடி என்று காட்டும். இணையாக ஓடும்படி மாற்றியும் வேகம் கூடவில்லை என்று முடிவுகட்டியவர்கள் பலர் ஏமாந்தது இங்கேதான். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சி நூலகத்தில் மட்டும் அதே சார்பு உண்மையிலேயே கழிந்த நேரத்தைத் தரும். ஒரே நிரல், இரண்டு இயங்குதளம், இரண்டு பொருள். பைத்தானிலும் டைம்.க்ளாக்() இதே இரட்டை வேடம் போட்டதால்தான் 3.8 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். யூனிக்ஸ் முனையத்தில் எந்தக் கட்டளைக்கும் முன்னால் ‘டைம்’ என்று தட்டினால் மூன்று வரி வரும்: ரியல், யூசர், சிஸ். கழிந்த நேரம் முதல் வரி மட்டுமே.

அடுத்து, எண்ணிகள் நிரம்பி வழிவது. இதைக் கிட்டத்திலிருந்து பார்ப்போம். ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் மில்லிஸ்() என்ற சார்பு, பலகை ஓடத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்று சொல்லும். அது 32 பிட் எண். 4294967295 வரை போய் மறுபடி 0 ஆகும், அதற்கு 49.7 நாள் பிடிக்கும். ஒரு மோட்டாரை 1000 மில்லிவிநாடி ஓட்ட வேண்டும், தொடக்கம் 4294967000 என்று வைத்துக்கொள்வோம். ‘இப்போது, தொடக்கம் + 1000 ஐ எட்டிவிட்டதா?’ என்று எழுதினால், கூட்டலே நிரம்பி வழிந்து 704 ஆகிவிடும். இப்போதைய எண் 4294967001. அது 704 ஐவிடப் பெரியது. மோட்டார் ஒரு மில்லிவிநாடியில் நின்றுவிடும். அதையே ‘இப்போது − தொடக்கம், 1000 ஐ எட்டிவிட்டதா?’ என்று எழுதிப் பாருங்கள். எண்ணி சுற்றிவந்து 704 என்று காட்டும் கணத்தில், 704 − 4294967000 என்ற கழித்தலும் 32 பிட்டுக்குள் சுற்றிவந்து சரியாக 1000 ஐத் தரும். பள்ளிக் கணக்கில் இரண்டு வரியும் ஒன்றுதான், கணினியில் இல்லை. இந்த உத்தி வேலை செய்ய இரண்டு எண்களும் அன்சைன்ட் லாங் (குறியில்லாத 32 பிட் முழு எண்) வகையாக இருக்க வேண்டும். ஆர்டுயினோ ஊனோ போன்ற பலகைகளில் இன்ட் என்ற சாதாரண முழு எண் வகை 16 பிட். அதில் மில்லிவிநாடியைப் போட்டுவைத்தால் 49 நாள் காத்திருக்க வேண்டியதே இல்லை, 33 விநாடிக்குள் கெட்டுவிடும். ஜாவாவின் நானோடைம்() மதிப்புகளையும் நேராக ஒப்பிடாமல் கழித்து, விடையை 0 உடன் ஒப்பிடச் சொல்வது இதே காரணத்துக்காகத்தான்.

விண்டோஸின் கெட்டிக்கவுண்ட்() என்ற மில்லிவிநாடி எண்ணிக்கும் அதே 49.7 நாள், அதற்கு 64 பிட் மாற்று விஸ்டா காலத்திலிருந்தே உண்டு. 2015 இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் உள்ளே ஓர் எண்ணி நிரம்பி வழிந்து மின்னாக்கத்தை நிறுத்திவிடக்கூடும் என்று எச்சரித்து, அதற்குள் மின்சாரத்தை நிறுத்தித் தொடங்கும்படி உத்தரவிட்டது. விநாடியில் நூறில் ஒரு பங்கை, குறியோடு கூடிய 32 பிட் எண்ணில் எண்ணினால் எத்தனை நாள் வரும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 248.55.

நேரத்தைத் தசம எண்ணாக வைப்பது வேறொரு குழி. 32 பிட் ஃப்ளோட்டில் 24 பிட்டுக்குத்தான் துல்லியம். 1970 இலிருந்து எண்ணிய விநாடி இப்போது 170 கோடியைத் தாண்டிவிட்டது. அந்த அளவில் ஃப்ளோட்டின் ஒரு படி 128 விநாடி! விளையாட்டு நிரல்களில் தொடங்கியதிலிருந்து எண்ணுவதால் இது உடனே தெரியாது. ஆனால் 131072 விநாடி, அதாவது 36 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடியதும் ஒரு படி 15.6 மில்லிவிநாடி ஆகிவிடும். விநாடிக்கு 60 படச்சட்டம் என்றால் ஒரு சட்டமே 16.7 மில்லிவிநாடிதான். அசைவுகள் வெட்டி வெட்டிப் போகத் தொடங்கும், நிரலை நிறுத்தித் தொடங்கினால் சரியாகிவிடும், காரணம் பிடிபடாது.

இதன் கொடுமையான உதாரணம் 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்தது. பேட்ரியாட் எதிர் ஏவுகணை அமைப்பு நேரத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்காக, முழு எண்ணாகத்தான் எண்ணியது. அதுவரை சரி. அதை விநாடியாக்க 0.1 ஆல் பெருக்கியது. தசமத்தில் மூன்றில் ஒன்று முடிவில்லாமல் நீள்வது போல, இரும எண்ணில் 0.1 முடிவில்லாமல் நீளும். 24 பிட்டில் வெட்டியபோது 0.000000095 விடுபட்டது. 100 மணி நேரத்தில் 36 லட்சம் துடிப்பு. பெருக்கினால் 0.34 விநாடி. அந்த நேரத்தில் வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். அமைப்பு தவறான இடத்தில் தேடியது. 28 பேர் இறந்தார்கள். நேரத்தை முழு எண்ணாகவே வைத்து, கழித்து முடித்த பிறகு, திரையில் காட்டும்போது மட்டும் விநாடியாக மாற்றுங்கள்.

முழு எண்ணாக வைத்தாலும் ஓரிடத்தில் கவனம் வேண்டும். க்ளாக்_கெட்டைம்() விநாடியையும் நானோவிநாடியையும் தனித்தனிப் புலங்களில் தரும். தொடக்கம் 5 விநாடி 900000000, முடிவு 7 விநாடி 100000000 என்றால், நேராகக் கழிக்கும்போது 2 விநாடி, கழித்தல் 800000000 நானோவிநாடி என்று வரும். ஒரு விநாடியைக் கடன் வாங்கி 1 விநாடி 200000000 என்று ஆக்க வேண்டும். நானோவிநாடிப் புலத்தை மட்டும் கழித்துவிட்டு, ‘சில நேரம் விடை குறை எண்ணாக வருகிறது’ என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அதிகம்.

நுண்மையைப் பற்றி உங்கள் பக்கம் ஒன்றுமே சொல்லவில்லை. கெட்டிக்கவுண்ட்() 10 முதல் 16 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் நகரும். 3 மில்லிவிநாடி வேலையை அதைக் கொண்டு அளந்தால் 0 என்றோ 16 என்றோ வரும், 3 என்று வராது. நுண்ணிய நேர அளவை வைத்துத் தகவல் திருட வழிவிடும் ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறை 2018 ஜனவரியில் வெளியான பிறகு உலாவிகளும் பெர்ஃபார்மன்ஸ்.நவ்() தரும் எண்ணை வேண்டுமென்றே மழுக்கித் தருகின்றன. சிறு வேலையை அளக்க, அதைப் பத்தாயிரம் முறை ஓட்டி மொத்தத்தை வகுப்பதுதான் வழி. அப்போதும் விடையை எங்கும் பயன்படுத்தாவிட்டால் கம்பைலர் சுழற்சியையே தூக்கி எறிந்துவிடும். பத்தாயிரம் சுற்று 40 நானோவிநாடியில் முடிந்ததாகப் பெருமைப்பட வேண்டியிருக்கும். கேச் (செயலியின் வேக நினைவகம்) நிரம்பவும், ஓடும்போதே மொழிபெயர்க்கும் ஜிட் கம்பைலர் சூடேறவும் முதல் சில சுற்றுகளை ஒதுக்கிவிடுங்கள். பிறகு பல முறை அளந்து சராசரியை எடுக்காமல், மிகக் குறைந்ததையோ நடுவிலுள்ளதையோ எடுங்கள். மற்ற நிரல்களின் இடையூறு நேரத்தைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. ஜிபியூவில் (வரைகலைச் செயலியில்) வேலை கொடுப்பவர்கள் கடிகாரத்தை நிறுத்தும் முன் சிங்க்ரனைஸ் செய்ய, அதாவது வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலையை ஒப்படைத்த நேரம்தான் கிடைக்கும், முடிந்த நேரம் அல்ல.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் பைத்தான் உதாரணத்தில் இரண்டு சொல்லை மாற்றினாலே போதும். கூடவே சோதிக்கும் முறையையும் சொல்லிக்கொடுங்கள். தானியங்கி நேர ஒத்திசைவை அணைத்துவிட்டு, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது கணினியின் மணியை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுங்கள். அளவு மாறாமல், காத்திருப்பு நீளாமல் இருந்தால் நிரல் தேறியது. எண்ணி நிரம்புவதைச் சோதிக்க 49 நாள் காத்திருக்கத் தேவையில்லை. லினக்ஸ் கருவில் ஜிஃபீஸ் என்ற எண்ணியை 0 இலிருந்து தொடங்குவதில்லை. கணினி எழுந்த 5 நிமிடத்தில் 32 பிட் நிரம்பி வழியும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள், பிழை இருந்தால் நிரலாளரின் மேசையிலேயே வெளிப்படட்டும் என்று. ஆர்டுயினோவிலும் அதைச் செய்யலாம்: மில்லிஸ்() ஐ நேராக அழைக்காமல், அதோடு 4294667296 ஐக் கூட்டித் தரும் ஒரு சிறு சார்பை எழுதி அதையே எல்லா இடத்திலும் அழையுங்கள். தொடங்கி 300 விநாடி ஆனதும் எண்ணி 0 ஆகும். அந்தக் கணத்தில் மோட்டார் என்ன செய்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
நிரல் எழுதும் வாசகர்கள் சிலர்